படிப்பவன் பெயர் எதற்கு?

ஒரு வாசகசாலையில் பத்திரிகை படிக்க வருவோரின் முதுகுக்குப் பின்னால் ஒரு குமாஸ்தா நோட்டுப் புஸ்தகமும் கையுமாக நின்று, இன்னார் இன்ன பக்கத்தைத் திருப்பினார், இன்ன செய்தியில் இத்தனை நிமிஷம் கண்ணை நிறுத்தினார், இன்ன விளம்பரத்தைக் கண்டதும் முகஞ் சுளித்தார் என்று எழுதிக்கொண்டே போவதாக வைத்துக்கொள்வோம். மறுநாள் அவ்வாசகசாலையின் படியை மிதிக்கத் துணிபவர் எத்தனை பேர்? நம் ஜனங்கள் மானமுள்ளவர்கள். குமாஸ்தாவையும் அவர் நோட்டையும் தெருவில் தள்ளிவிட்டுத்தான் வேறு காரியம் பார்ப்பார்கள். ஆனால் இதே வேலை, கண்ணுக்குத் தெரியாத விதமாய், சட்டைப் பையிலிருக்கும் செல்பேசியின் வழியே இரவு பகல் ஓய்வின்றி நடந்து வரும்போது அதே ஜனங்கள் வாளாவிருக்கின்றனர். அறியாமையே காரணமென்று ஒரு காலத்தில் சொல்லலாமாயிருந்தது. 2013-ஆம் வருஷத்தில் எட்வர்ட் ஸ்னோடன் அமெரிக்க ஒற்றிலாகாவின் தஸ்தாவேஜுகளை உலகறிய வெளியிட்டார். 2018-இல், கேம்பிரிட்ஜ் அனலிடிகா என்ற கம்பெனியின் கைக்குச் சென்ற விவரங்கள் 8 கோடியே 70 லட்சம் பேருடையவையாயிருக்கலாம் என்று பேஸ்புக் கம்பெனியே ஒப்புக்கொண்டது. இவற்றுக்குப் பிறகும் அறியாமையைச் சாக்காகச் சொல்வது பொருந்தாது. அறிந்தும் வேறு வழியில்லை என்ற மனச்சோர்வே இப்போது நம்மவரைப் பீடித்திருக்கும் நோய். அந்நோய்க்கு முழு மருந்தல்லாவிடினும், கைக்கெட்டிய ஒரு கஷாயம் இருக்கிறது. அதைப் பற்றியே இன்று எழுதப் புகுந்தோம்.

முதலில் நோயின் தன்மையைச் சற்று விளக்க வேண்டும். நேயர் ஒருவர் யூடியூபில் ஒரு பிரசங்கத்தைக் கேட்க விரும்பித் திறக்கிறார். அவர் கேட்டது பிரசங்கம் ஒன்றே. ஆயினும் அவருடைய பிரவுசருக்கு அதனுடன் ஒரு மூட்டை ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களும் வந்திறங்குகின்றன. அவர் எங்கிருந்து வந்தார் என்பதைக் காட்டும் ஐ.பி. எண், கருவியின் வகை, திரையின் அளவு, அவர் வைத்திருக்கும் மொழி, எந்த இடத்தில் படத்தை நிறுத்தினார், எதைப் பாதியில் விட்டார் என்பவையெல்லாம் கம்பெனியின் கிடங்கில் போய்ச் சேருகின்றன. குக்கி என்னும் சிறு அடையாளச் சீட்டு ஒன்று அவர் பிரவுசரிலேயே தங்கிவிடுகிறது. மறுமுறை வரும்போது, நேற்று வந்தவரே இன்றும் வந்தார் என்று அது சாட்சி சொல்லும். கணக்கு வைத்துக்கொண்டு நுழைபவரானால் பெயர், செல்பேசி எண் முதலியவற்றைத் தாமே எழுதிக் கொடுத்துவிட்டார்; அவரைப் பற்றி ஒற்றறிய வேண்டிய அவசியமே இல்லை.

இவ்வளவும் எதற்காகவென்றால் விளம்பரத்துக்காக. கூகிளின் தாய்க் கம்பெனியான ஆல்பபெட்டுக்கு 2023-ஆம் வருஷத்தில் கிடைத்த வருமானம் சுமார் 30,700 கோடி டாலர். அதில் 23,700 கோடிக்கு மேல் விளம்பரத்தால் வந்தது. நமது பத்திரிகையும் விளம்பரத்தை நம்பி வாழ்வதுதான், அதை மறைப்பானேன்? ஆனால் நமது ஏழாம் பக்கத்தில் வரும் கூந்தல் தைல விளம்பரம், தன்னைப் பார்த்த வாசகரின் வீட்டு விலாசத்தைக் குறித்துக்கொண்டு அவர் பின்னாலேயே கடைத்தெருவுக்கு வருவதில்லை. விளம்பரம் போடுவது வர்த்தகம்; பின்தொடர்ந்து வருவது வேவு. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழைத்து, வேவில்லாமல் விளம்பரமே இல்லையென்று ஜனங்களை நம்பச் செய்ததே இக்கம்பெனிகளின் பெரிய சாமர்த்தியம்.

குற்றமற்றவனுக்கு அச்சமென்ன, யார் எதைக் குறித்துக்கொண்டால் எனக்கென்ன என்று கேட்பார் உளர். அவர்களுக்கு அமெரிக்காவில் நடந்த இரண்டு சம்பவங்களைச் சொல்லுவோம். 1987-இல் ராபர்ட் போர்க் என்ற நீதிபதியை அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டுக்கு நியமிக்க ஜனாதிபதி ரீகன் முனைந்தபோது, வாஷிங்டன் நகரத்துப் பத்திரிகையொன்று அவர் குடும்பம் வாடகைக்கு எடுத்துப் பார்த்த வீடியோ படங்களின் ஜாபிதாவைக் கடைக்காரரிடமிருந்து பெற்று அச்சிட்டுவிட்டது. 146 படங்கள். அவற்றில் மானக்கேடான படம் ஒன்றுமில்லை. ஆயினும் சட்டசபை அங்கத்தினர்கள் நடுங்கிப்போயினர். தங்கள் ஜாபிதாக்களை நினைத்துக்கொண்டார்கள் போலும். மறு வருஷமே, வீடியோ வாடகைக்கு விடுபவர் வாடிக்கைக்காரர் பார்த்த படங்களை வெளியிடலாகாதென்று ஒரு சட்டம் பிறந்தது. ஜனப்பிரதிநிதிகளுக்குத் தங்கள் தலையில் கை வைக்கும்போது எவ்வளவு விரைவில் ஞானோதயம் உண்டாகிறது பாருங்கள்!

இரண்டாவது சம்பவம் இன்னும் கவனிக்கத் தக்கது. கென்டக்கி மாகாணத்தில் ஒருவர் சட்டவிரோதமாகப் பணப் பரிமாற்றம் செய்வதாகச் சந்தேகங்கொண்ட மத்திய சர்க்கார் ஏஜெண்டுகள், மாறுபெயரில் அவருடன் கடிதப் போக்குவரத்து நடத்தி, டிரோன் கொண்டு நிலப்படம் வரைவது முதலிய சில யூடியூப் பாடங்களின் முகவரிகளை அவருக்கு அனுப்பினர். பிறகு 2023 ஜனவரி 1-ஆம் தேதி முதல் 8-ஆம் தேதி வரையில் அப்பாடங்களைப் பார்த்த அனைவருடைய பெயர், விலாசம், தொலைபேசி எண் ஆகியவற்றையும், கணக்கின்றிப் பார்த்தவர்களின் ஐ.பி. எண்களையும் ஒப்புவிக்கும்படி கூகிளுக்குக் கோர்ட்டின் உத்தரவு பெற்றனர். அந்தப் பாடங்கள் யாவரும் பார்க்கத் திறந்து கிடந்தவை. 30,000 தடவைக்கு மேல் பார்க்கப்பட்டவை. நிலப்படம் வரையக் கற்றுக்கொள்ள வந்த ஏதுமறியாத மாணாக்கனும் அந்த வலைக்குள் அகப்பட வேண்டியவனே. இவ்விஷயம் 2024 மார்ச்சில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. குற்றவாளி யார் என்று தேடுவது போலீஸின் தொழில். பார்த்தவரெல்லாம் யார் என்று கேட்பது வேறு. ஜாபிதா என்று ஒன்று இருக்கும் வரையில் அதைக் கேட்பவரும் இருப்பர். ஜாபிதாவே இல்லையாயின் எந்த கோர்ட்டும் அதைக் கேட்க முடியாது.

நம் தேசத்துத் தொண்டர்களுக்கு இது புதுப் பாடமன்று. 1898-ஆம் வருஷத்துத் தபால் சட்டத்தின் 26-வது பிரிவு, பொது ஜன நலத்தின் பேரால் கடிதங்களையும் பார்சல்களையும் நிறுத்திப் பறித்துக்கொள்ள சர்க்காருக்கு அதிகாரம் தந்தது. 1908-இல் சென்னையை விட்டுப் புதுச்சேரிக்குச் சென்ற ‘இந்தியா’ பத்திரிகை, பிரிட்டிஷ் எல்லைக்குள் வரவொட்டாமல் தடுக்கப்பட்டு 1910-இல் நின்றுபோயிற்று. ஒரு பத்திரிகையை எழுதுபவர் யார் என்பதைவிட, அதை வாங்குபவர் யார் யார் என்ற கேள்வியே அந்நாளைய அதிகாரிகளை அதிகமாக அரித்தது. எழுதுபவனைச் சிறையிலடைக்கலாம்; படிப்பவன் யாரென்று தெரிந்தாலோ ஊரையே அடக்கலாம். அக்காலத்தில் நம் முன்னோர் கண்டுபிடித்த தந்திரம் மிகவும் எளியது. சங்கத்தின் பெயரால் ஒரே ஒரு பிரதிக்குச் சந்தா கட்டுவார்கள். அந்த ஒரு பிரதியை நாற்பது பேர் படிப்பார்கள். தபாலாபீஸுக்குத் தெரிந்தது ஒரு விலாசம். படித்தவர் யாரென்பது திண்ணைக்கு மட்டுமே தெரியும்.

மாற்று முகப்பு என்று நாம் சொல்ல வந்தது இந்தத் திண்ணையைத்தான்.

பிரசித்தமான ஓர் இணையதளத்துக்கு நேரே போகாமல், நடுவில் நிற்கும் ஒரு சர்வரிடம் போய் இன்ன பக்கம் வேண்டுமென்று கேட்கிறோம். அந்த சர்வர் தன் பெயரால் மூலதளத்துக்குச் சென்று பக்கத்தை வாங்கி, வேவு நிரல்களையும் விளம்பரங்களையும் களைந்து, எழுத்தையும் படத்தையும் மட்டும் நம் கையில் தருகிறது. கம்பெனிக்குத் தெரிவது அந்த சர்வரின் விலாசம், நம்முடையதன்று. அரிசியைப் புடைத்துக் கல்லை நீக்கித் தருவது போன்ற காரியம். இதனால் வேறொரு நன்மையும் உண்டு. ஜாவாஸ்கிரிப்ட் மூட்டை போய்விடுவதால் பக்கம் இலேசாகிறது. பழைய செல்பேசியிலும், கிராமத்து மெலிந்த இணைப்பிலும் விரைவாகத் திறக்கிறது. அந்தரங்கத்தைப் பற்றிக் கவலைப்படாதவரும் இதற்காகவே இதை நாடுவதுண்டு.

யூடியூபுக்கு இவ்வாறு அமைந்தது இன்விடியஸ். 2018-இல் தோன்றியது; கிரிஸ்டல் என்ற நிரல் மொழியில் எழுதப்பட்டது; மூலநிரலை எவரும் பார்க்கலாம், திருத்தலாம், தம் சர்வரில் நாட்டலாம். அதைத் தொடங்கியவர் 2020 செப்டம்பரில் தம் பொதுத்தளத்தை மூடிவிட்டு விலகினார். அத்துடன் காரியம் முடிந்ததென்று பலர் எண்ணினர். ஆனால் நிரல் ஊர்ப் பொதுவாகியிருந்தபடியால் வேறு தொண்டர்கள் ஏற்று நடத்தினார்கள். ட்விட்டருக்கு நிட்டர் என்பது 2019-இல் எழுந்தது. ரெட்டிட்டுக்கு லிப்ரெட்டிட், அதன் பின் அதன் வழித்தோன்றலாகிய ரெட்லிப். மீடியம் தளத்துக் கட்டுரைகளுக்கு ஸ்க்ரைப். ஃபேண்டம் தளத்துக்கு பிரீஸ்விக்கி. இன்ஸ்டாகிராமுக்கு பிப்லியோகிராம் என்று ஒன்று இருந்து 2022-இல் மூடப்பட்டது. யாரேனும் அனுப்பிய யூடியூப் முகவரியைத் தொட்டவுடன் தானே இந்தத் திண்ணைக்குத் திருப்பிவிடும் லிப்ரீடைரக்ட் போன்ற துணைநிரல்களும் பிரவுசர்களுக்கு உண்டு. பழக்கத்துக்கு அடிமைப்பட்ட விரல்களுக்கு இது பேருபகாரம்.

நிற்க. இவற்றைக் கையாளுபவர் அறிய வேண்டிய நுட்பங்கள் சில உள. அவற்றை அறியாமல் கையாளுவது முக்காட்டைப் போட்டுக்கொண்டு பெயரை உரக்கச் சொல்லுவதற்கு ஒப்பாகும். இன்விடியஸில் பக்கம் நடு சர்வர் மூலமாக வந்தாலும், படத்தின் ஓட்டம் மாத்திரம் கூகிளின் சர்வரிலிருந்து நேரே நம் கருவிக்கு வருவதுண்டு. படங்களையும் தன் வழியாகவே தரும்படி அமைப்புகளில் ஒரு விருப்பத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். இல்லாவிடில் நம் ஐ.பி. எண் கூகிளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஆண்ட்ராய்ட் செல்பேசிகளில் பலர் வைத்திருக்கும் நியூபைப், கணிப்பொறிகளுக்கான ஃபிரீட்யூப் ஆகியவை வேறு ஜாதி. அவை கணக்கின்றிப் பார்க்க உதவுகின்றன. பின்பற்றும் சானல்களின் ஜாபிதாவை நம் கருவியிலேயே வைக்கின்றன. விளம்பர நிரல்களை விலக்குகின்றன. ஆனால் வழக்கமாக நம் வீட்டிலிருந்தே கம்பெனியின் வாசலுக்குப் போகிறபடியால் பெயர் மறையுமேயன்றி விலாசம் மறையாது. எந்த அளவுக்கு மறைவு வேண்டுமென்பதை அவரவர் தம் நிலைமைக்கேற்பத் தீர்மானிக்க வேண்டும். சங்கீதம் கேட்பவருக்கு வேண்டிய மறைவும், ஒரு மாகாணத்துச் சிறைக்கொடுமைகளைப் பற்றிய சாட்சியங்களைத் திரட்டும் தொண்டருக்கு வேண்டிய மறைவும் ஒன்றல்ல.

விளம்பரத்தை நீக்குவதால் படம் தயாரித்தவனுடைய வயிற்றில் அடிப்பதாகாதா என்று ஓர் ஆக்ஷேபம் உண்டு. இதை அலட்சியமாய்த் தள்ள நாம் விரும்பவில்லை. கிராமத்தில் உட்கார்ந்து சமையலையோ கணக்குப் பாடத்தையோ படம் பிடித்துப் போட்டு, அதில் வரும் சிறு பங்கைக் கொண்டு ஜீவிப்பவர் நம்மவரிலும் அநேகர். அவர்களுக்கு நஷ்டம் உண்டென்பது மெய். ஆனால் அவர்களுக்குக் கொடுக்க வேண்டியதை நேரே கொடுக்கத் தடையில்லை. நேரே அனுப்பும் பத்து ரூபாய், அவர்கள் நூறு விளம்பரங்களுக்குப் பெறும் பங்கைவிட அதிகமாகவே இருக்கக்கூடும். வேவையும் கூலியையும் ஒரே முடிச்சாகப் போட்டவர்கள் கம்பெனியார். முடிச்சை அவிழ்க்க முயல்பவன் மேல் பழி போடுவது முறையன்று. குழந்தைகளின் விவரங்களைப் பெற்றோர் சம்மதமின்றிச் சேகரித்ததற்காக கூகிளும் யூடியூபும் 2019-இல் அமெரிக்க வர்த்தகக் கமிஷனுக்கும் நியூயார்க் மாகாணத்துக்குமாக 17 கோடி டாலர் கட்டி ராஜி செய்துகொண்டன. அந்தக் குழந்தைகள் பார்த்த படங்களைத் தயாரித்தவர்களின் க்ஷேமத்துக்காகத்தான் அவ்விவரங்கள் சேகரிக்கப்பட்டனவோ?

கம்பெனிகள் இத்திண்ணைகளைச் சும்மா விட்டுவிடவில்லை. 2023 ஜூனில் யூடியூபின் சட்ட இலாகா, தனது ஏ.பி.ஐ. நிபந்தனைகளை மீறுவதாகவும் 7 நாட்களுக்குள் காரியத்தை நிறுத்த வேண்டுமென்றும் இன்விடியஸ் நடத்துவோருக்கு நோட்டீஸ் அனுப்பியது. உங்கள் ஏ.பி.ஐ.யை நாங்கள் தொடவேயில்லை, உங்கள் நிபந்தனைகளுக்கு நாங்கள் என்றும் கையெழுத்திடவுமில்லை என்பது அவர்கள் கொடுத்த பதில். வேலை தொடர்ந்து நடந்தது. நோட்டீஸால் ஆகாததைக் கம்பெனி வேறு விதமாகச் செய்தது. 2024-இல் சர்வர்க் கூடங்களிலிருந்து வரும் ஐ.பி. எண்களையெல்லாம் சந்தேகித்து, நீ மனிதனா இயந்திரமா, கணக்கில் நுழைந்து நிரூபி என்று வாசலில் தடுக்கத் தொடங்கவே, பொதுமக்களுக்காகத் திறந்திருந்த இன்விடியஸ் தளங்கள் பல ஒன்றன்பின் ஒன்றாக மூடின.

ரெட்டிட்டின் கதை நம் நேயர்களுக்குப் பழைய பருத்திக் கதையை நினைவூட்டும். அத்தளத்தில் உள்ளவையெல்லாம் வருவோர் போவோர் கூலியின்றி எழுதியவை. 2023 ஜூலை 1 முதல் அவற்றை வெளி நிரல்கள் எடுப்பதற்கு அதிக விலை விதித்தது கம்பெனி. அதை எதிர்த்து ஜூன் மாதத்தில் ஆயிரக்கணக்கான ரெட்டிட் குழுக்கள் கதவடைப்புச் செய்தன; அபாலோ முதலிய நிரல்கள் மூடப்பட்டன; கம்பெனி அசையவில்லை. மறு வருஷம் பங்குச் சந்தைக்கு வருமுன் அது வெளியிட்ட பத்திரத்தில், அதே எழுத்துக்களை மற்றவர்களுக்கு உரிமை கொடுக்கும் ஒப்பந்தங்களின் மொத்த மதிப்பு 20 கோடியே 30 லட்சம் டாலர் என்று கண்டிருந்தது. பருத்தி நம்முடையது, துணி லங்காஷயருடையது என்று நம் பாட்டன்மார் அலறியதற்கு இதைவிடப் பொருத்தமான உபமானம் கிடைப்பதரிது. வாசகன் முன்வாசலில் பெயர் கொடுக்காமல் வந்தால் அத்துமீறல். பின்வாசலில் மூட்டை மூட்டையாய் விற்றால் வர்த்தகம்.

ஆனால் இவை எல்லாவற்றிலும் பொதுநலத்தை நேராகத் தொடுவது ட்விட்டரின் விஷயமே. 2022 அக்டோபரில் ஈலான் மஸ்க் அதை 4,400 கோடி டாலருக்கு வாங்கினார். இப்போது எக்ஸ் என்று பெயர். 2023 ஜூன் முடிவில், கணக்கில்லாதவர் எதையும் பார்க்க முடியாதபடி திடீரென்று கதவு சாத்தப்பட்டது. சில நாட்களில் சற்றுத் தளர்த்தினார்கள். எனினும் அதன் பிறகு, கணக்கின்றி ஒருவருடைய பக்கத்தைத் திறந்தால் இன்றைய பதிவுகள் இன்றைய வரிசையில் வருவதில்லை. பழையவற்றுள் பெயர்பெற்றவை சில முன்பின்னாகக் காட்டப்படும். இக்குறையைத் தீர்த்து வந்தது நிட்டர். விருந்தாளிக் கணக்குகள் என்ற ஒரு வழியைப் பிடித்து அது சில மாதங்கள் உயிர் தாங்கியது. 2024 ஜனவரியில் அவ்வழியும் அடைக்கப்பட்டது. நிட்டர் மாண்டதென்று அதை ஆக்கியவரே அறிவித்தார். பிறகு மெய்யான கணக்குகளைக் கொண்டு அதைச் சிலர் எழுப்பியிருப்பினும் முன்னிருந்த தாராளம் இல்லை.

இதனால் யாருக்கு நஷ்டம்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலால் சென்னை வெள்ளக்காடானபோது, மின்சாரமின்றி, செல்பேசியில் மிச்சமிருந்த சிறிது பாட்டரியுடன், எந்த வட்டத்துக்குப் படகு வருகிறது, எந்தச் சுரங்கப்பாதை மூடியிருக்கிறது, எந்த எண்ணுக்குத் தகவல் கொடுப்பது என்றறியத் தவித்தவரை நினைத்துப் பாருங்கள். மாநகராட்சியும் போலீஸும் ஏனைய இலாகாக்களும் இத்தகைய அறிவிப்புகளை எக்ஸ் தளத்தில் இடுவதை வழக்கமாக்கிக்கொண்டிருக்கின்றன. அத்தளத்தில் கணக்கில்லாத பிரஜை, தன் வரிப்பணத்தில் சம்பளம் வாங்கும் அதிகாரியின் அறிவிப்பைப் படிப்பதற்கு அன்னிய நாட்டுக் கம்பெனி ஒன்றிடம் பெயரும், செல்பேசி எண்ணோ மின்னஞ்சல் விலாசமோ கொடுத்துச் சீட்டு வாங்க வேண்டும். இல்லையேல் போன வருஷத்துப் பதிவுகளைப் பார்த்துத் திருப்தியடைய வேண்டும். ஊர்த் தண்டோராவை ஒரு தனி முதலாளியின் கொல்லையில் போட்டால், கொல்லைக்குள் நுழைய அனுமதி பெற்றவனுக்கே அது கேட்கும். அந்தச் சுவரில் யாரோ சில தொண்டர்கள் தம் கைப்பொருளைச் செலவிட்டு வைத்திருந்த ஜன்னலே நிட்டர். ஜன்னலை அடைத்தவர்மேல் நமக்கு வருத்தமுண்டு. ஆனால் தண்டோராவை அங்கே கொண்டுபோனவர்மேல்தான் கோபம்.

இனி, இத்திண்ணைகளை நடத்துபவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கம்பெனியிடம் மறைத்த விஷயமெல்லாம் நடு சர்வரை நடத்துபவருக்கு நன்றாகத் தெரியும். அவர் நல்லவராயிருக்கலாம், மூலநிரலும் வெளிப்படையானதுதான். ஆயினும் அந்த சர்வரில் ஓடுவது அதே மூலநிரல்தானா என்று தூரத்திலிருந்து கண்டுபிடிக்க நமக்கு வழியில்லை. ஆகையால் முகமறியாதவருடைய திண்ணையில் எல்லா விஷயங்களையும் பேசலாகாது. தானே ஒன்று நாட்டிக்கொள்வது மேல் என்று சிலர் கருதுகின்றனர். ஒருவர் மட்டும் பயன்படுத்தும் சர்வரானால் அதன் விலாசமே அவர் விலாசமாகிவிடும். முகமூடி போட்டவன் ஊரில் ஒருவனேயானால் அது முகமூடியாகாது. ஐம்பது நூறு பேர் சேர்ந்து ஒன்றை நடத்துவதே பொருத்தம். ஒரு வாசகசாலை, ஒரு தொழிற்சங்கம், ஒரு கல்லூரி மாணவர் மன்றம் இதைச் செய்யலாம். லினக்ஸ் பழகிய வாலிபர் ஒருவரும், மாதாமாதம் சிறு வாடகையும் போதும். கம்பெனி அடிக்கடி வாசலை மாற்றுமாதலால் அந்த வாலிபருக்குப் பொறுமை சற்று அதிகமாகவே வேண்டும்.

அவ்வாறு நம் தேசத்தில் நாட்டுபவர் ஓர் உத்தரவைக் கவனிக்க வேண்டியவராவர். 2022 ஏப்ரல் 28-ஆம் தேதி செர்ட்-இன் என்னும் மத்திய சர்க்கார் ஸ்தாபனம் பிறப்பித்த கட்டளையின்படி, சேவை நடத்துவோரும் ஸ்தாபனங்களும் தங்கள் கருவிகளின் பதிவேடுகளை 180 நாள் வரையில் காத்து வைக்க வேண்டும், வி.பி.என். நடத்துவோரும் சர்வர் வாடகைக்கு விடுவோரும் வாடிக்கைக்காரரின் பெயர், விலாசம் முதலியவற்றை 5 வருஷம் வைத்திருக்க வேண்டும். எக்ஸ்பிரஸ்வி.பி.என்., நார்ட்வி.பி.என். போன்ற கம்பெனிகள் அவ்வருஷமே தங்கள் சர்வர்களை இந்தியாவினின்றும் எடுத்துக்கொண்டு போயின. அந்தரங்கம் ஜீவாதார உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் ஏகமனதாகத் தீர்ப்பளித்த தேசத்தில், வாசகசாலையின் குமாஸ்தாவுக்கு நோட்டு எழுதுவதே கடமை என்று சட்டம் போட்டாயிற்று. 2023-ஆம் வருஷத்து டிஜிட்டல் விவரப் பாதுகாப்புச் சட்டம் இதைச் சரிசெய்யுமென்று நம்பினோருண்டு. அச்சட்டத்தின் 17-வது பிரிவு, தான் குறிப்பிடும் சர்க்கார் ஸ்தாபனங்களைச் சட்டத்தின் பிடியினின்றே விலக்கி வைக்க மத்திய சர்க்காருக்கு அதிகாரமளிக்கிறது. வெள்ளைக்காரர் போட்ட தபால் சட்டத்தை எடுத்துவிட்டு 2023-இல் புதிதாக ஒன்று இயற்றியபோதும், பிரித்துப் பார்க்கும் அதிகாரத்தை மட்டும் மறவாமல் அதில் சேர்த்துக்கொண்டார்கள்.

மாற்று முகப்புகள் கம்பெனிகளின் தயவில் உயிர் வாழ்பவை. இன்று திறந்த வழி நாளை அடைபடும். ஆயினும் தனி மனிதர் தம் பார்வையைத் தம்முடையதாக வைத்துக்கொள்ள அவை உதவும் வரையில் உதவட்டும். சர்க்கார் அறிவிப்புகளுக்கு அந்தத் தயவு தேவையே இல்லை. நெதர்லாந்து சர்க்கார் 2023-இல் மாஸ்டடான் என்ற பொதுநிரலைக் கொண்டு தன் இலாகாக்களுக்காகச் சொந்த சர்வர் ஒன்றை நாட்டிற்று. அதிலுள்ள அறிவிப்புகளைப் படிக்க எவரும் பெயர் கொடுக்க வேண்டியதில்லை. ஜெர்மனியில் மத்திய விவரப் பாதுகாப்பு அதிகாரியே அதற்கு முன்பே அவ்வாறு ஒன்றை நடத்தத் தொடங்கிவிட்டார். அவ்வளவு தூரம் போக நம் மாநகராட்சிக்கு இப்போது மனமில்லாவிடினும், எக்ஸில் இடும் ஒவ்வோர் அறிவிப்பையும் முதலில் தன் சொந்த இணையதளத்தில் தேதி நேரத்துடன் இட்டு, கணக்கின்றி எந்த நிரலாலும் படிக்கத் தக்க ஆர்.எஸ்.எஸ். ஓடையாகவும் கொடுப்பது ஒரு குமாஸ்தாவின் அரைமணி வேலைக்கு மேற்படாது. வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் இது நடைபெற வேண்டும். நேயர்கள் தத்தம் வட்டத்துக் கவுன்சிலர் மூலமாக மாமன்றக் கூட்டத்தில் இக்கேள்வியை எழுப்பி, மேயர் சொல்லும் பதிலை நமக்கு எழுதியனுப்புவார்களாயின் வெளியிடச் சித்தமாயிருக்கிறோம்.